சுண்ணாம்பு முகப்பு

புயலுக்கு முன் ஆய்வுக் கருவி புதுச்சேரியின் பழைய தெருக்களைச் சுற்றிவரும். முகப்பில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் பாரம்பரிய வீடென்று கடல்தடுப்புக்கு உள்ளே சேர்க்கும். சிமெண்ட் பூச்சென்றால் கடலுக்கு விட்டுவிடும்.

அமலோற்பவம் சிமெண்டை உளியால் கொத்திக்கொண்டிருந்தாள். போன வருடம், சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்கிறதென்று அவள்தான் அதன்மேல் சிமெண்ட் பூசச் சொன்னாள்.

"உள்ள சுண்ணாம்பு அப்படியேதாங்க இருக்கும். அது மூச்சு விடுற சுவரு."

"மொதல்ல நீ மூச்சு விடு," என்றான் கணவன் லூர்துநாதன்.

பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்பு முழுவதும் சிமெண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் வெறும் செங்கல்.

தெருமுனையில் கருவி திரும்பியது.

அவள் ஒரு பாளத்தைத் தூக்கி, சுண்ணாம்புப் பக்கம் வெளியே தெரிய, சுவரோடு அழுத்திப் பிடித்தாள்.

"நீங்களும் ஒண்ண எடுங்க. அது போறவரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிப்போம்."