ஊதிப் பார்த்த விமானம்

காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குள் கடல் விமானத்தின் சிறிய மாதிரி, புரொப்பல்லர் சுழல நின்றது. இறக்கையின் மேல் கூடுதலாகக் காற்றை ஊதியதும் தூக்குவிசை காட்டும் முள் சட்டென்று ஏறியது.

"நேத்தும் இதேதான் வந்துச்சு. கையெழுத்துப் போடுங்க, நாளைக்கு நிஜ விமானம் தண்ணியிலேர்ந்து எழும்பணும்" என்றார் மேலாளர்.

"இன்னொரு தடவை ஊதிப் பார்த்துடலாம் சார்" என்றார் பொறியாளர்.

"உங்க கணக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"கணக்கு சரிதான். ஆனா போட்டது நானாச்சே! வீட்டுல நான் கட்டின கொடிக்கயிறுகூட துணியோட கீழ வந்துடுச்சு."

மேலாளர் சிரித்தார். "ஓட்டப்போறவங்க பழுத்த அனுபவசாலி. கவலையை விடுங்க."

"கவலையே அதான் சார். அவங்களுக்கு ஒரு கீறல் விழுந்தாலும், அதை விபத்துன்னு என் பொண்டாட்டி நம்பவே மாட்டா."

மேலாளர் புரியாமல் பார்த்தார். அப்போது கதவைத் திறந்துகொண்டு விமானி உள்ளே வந்தார். நரைத்த தலை, கையில் ஹெல்மெட்.

"என்ன மாப்பிள்ளை, என் பொண்ணைக் கட்டிக்க உடனே தலையாட்டினீங்க. இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு யோசனை?"

"அன்னைக்கு யோசிச்சிருக்க வேண்டியது நீங்கதானே அத்தை!"

மேலாளர் அதற்குமேல் கையெழுத்துக் கேட்கவில்லை. காற்றைத் திறந்துவிடச் சொன்னார்.