பஸ்ஸில் ஒரு பின்னந்தலை

"இந்தத் தலை என் கைக்கு வந்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன்" என்றார் லூஷியஸ், படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்.

மேற்கு பிலடெல்பியாவில் அவருடைய முடிதிருத்தும் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. அங்கே ராப் பாட்டுக்கு இடமில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அதெல்லாம் பாட்டே அல்ல, தெருச்சண்டைக்குக் கொட்டு அடிக்கிற சமாச்சாரம் என்பது அவர் கட்சி. ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்?

அப்படிப்பட்டவரிடம்தான் ரோஷெல் தன் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சிவப்பும் கறுப்புமாக இரண்டே மையில் அவளே வரைந்து அச்சிட்டவை. லாண்டரிக் கடையில் துணி மடிக்கிறவர்கள், வாசற்படியில் உட்கார்ந்து கோழி வறுவல் தின்கிறவர்கள், மூலைக்கடையில் லாட்டரிச் சீட்டு சுரண்டுகிறவர்கள், எல்லாம் அந்தத் தெரு ஜனங்கள்தான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு ஸ்பீக்கர் இருக்கும், இல்லாவிட்டால் மைக் பிடித்த ஒரு கை இருக்கும். படத்தில் இருக்கிறவர்கள் வந்து உட்காரும் இடத்தில்தான் இவை முதலில் தொங்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். இந்தக் கடையை விட்டால் அதற்கு வேறு சுவர் இல்லை.

லூஷியஸ் கண்டிப்பாக மறுத்துவிட்டார். படம் அருமை, அதிலிருந்து வருகிற சத்தம்தான் ஆகாது என்றார்.

அவள் சண்டை போடவில்லை. கடைசிப் படத்தை எடுத்துக் காலியான நாற்காலிமேல் நிறுத்தினாள். ஓடும் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டு ராப் பாடுகிறார்கள். நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், தோள்கள் குலுங்க, தலை ஒரு பக்கம் சாய, முன் சீட்டுக் கம்பியில் விரல்களால் தாளம் போடுகிறார். பாடுகிற பிள்ளைகளைவிட அவர்தான் பாட்டில் ஊறிப்போயிருந்தார்.

"பின்னந்தலையைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவீங்களாமே மாமா. இவர் யாருன்னு சொல்லுங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடறேன். சொல்ல முடியலேன்னா சுவர்ல மாட்டணும்."

லூஷியஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வட்டாரத்தில் அவர் கத்தரி படாத தலை ஏது? பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார். காத்திருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு நெருங்கி வந்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இறைச்சிக்கடைக்காரன் என்றான் ஒருவன். அவனுக்குக் கழுத்தே கிடையாதே என்று லூஷியஸ் தள்ளினார். தபால்காரர் என்றான் இன்னொருவன். அவர் காது இப்படி விரிந்திருக்காது என்றார். பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் டெவொனைக் கேட்டார்கள். எனக்கெதற்கு வம்பு என்று அவன் சீப்புகளைக் கழுவப் போய்விட்டான்.

லூஷியஸ் விடவில்லை. பிடரியில் இரண்டு மடிப்பு. இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. அவருக்கு எரிச்சலாக வந்தது.

"வெட்டு நல்ல வெட்டுதான். ஆனா உச்சியில டாலர் காசு அளவுக்கு வழுக்கை விழுந்திருக்கு பாரு. வெட்டினவன் இதை அந்த ஆள்கிட்ட சொன்னானான்னே தெரியல. அயோக்கியப் பய."

தொட்டிப் பக்கம் சீப்பு ஒன்று கை நழுவி விழுந்தது.

கடைசியில் அவர் கையை விரித்தார். வாக்கு வாக்குதான், மாட்டிக்கொள் என்றார். தோற்றதைவிட, ஆள் யாரென்று தெரியாததுதான் அவரை அரித்தது.

"யாருன்னு மட்டும் சொல்லிடும்மா. இல்லேன்னா எனக்கு ராத்திரி சோறு இறங்காது."

ரோஷெல் படத்தை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். சுவர்க் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினாள். முடிவெட்டியதும் பின்பக்கம் காட்டுகிற கைக்கண்ணாடியை எடுத்து அவர் தலைக்குப் பின்னால் பிடித்தாள்.

"தினம் காலையில பஸ்ஸுல உங்களுக்குப் பின் சீட்டுலதான் வரேன் மாமா."

லூஷியஸ் கண்ணாடியைப் பார்த்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் உச்சியைத் தடவிப் பார்த்தார். பிறகு, வாராவாரம் தனக்கு முடிவெட்டிவிடும் டெவொன் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"எத்தனை நாளாடா இது நடக்குது?"

டெவொன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எதைக் கேக்கறீங்க மாமா, வழுக்கையையா, ஆட்டத்தையா?"