நாற்பது நாள் தூக்கம்

"நாற்பது நாளும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் டாக்டர்," என்றேன். தூக்கத்துக்கான மூலிகை மருந்தைச் சோதிக்க ஆள் தேடியபோது, நானாகவே வந்து பெயர் கொடுத்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த மனைவி தலையாட்டினாள். "ஆமா டாக்டர், இவர் குறட்டைதான் சாட்சி."

டாக்டர் என் பெயர் எழுதிய கவரைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்கு வந்தது மாவு சார்!"

"மாவுக்கா அப்படித் தூக்கம் வரும்?"

"வரும். மருந்து சாப்பிடறோம்கற நம்பிக்கையே தூங்க வெச்சிடும். ஆனா, சாப்பிடறது தெரிஞ்சிருக்கணும். தெரியாம உள்ள போனா மாவு வெறும் மாவுதான்."

சோதனைக்குக் கொடுத்த காப்ஸ்யூல்களில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல் என்னையும் உலுக்கி எழுப்பி, கல்யாணத்தன்று என் அக்கா சொன்ன சொல்லுக்கு இன்னும் நியாயம் கேட்பவள் இவள். அதனால் தினமும் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து, இவள் குடிக்கும் பாலில் ரகசியமாகக் கலந்து கொடுத்தேன். முதல் நாளே கட்டை மாதிரி தூங்கினாள்.

அப்படியென்றால்...

"சோதனையை ஒழுங்கா முடிச்சவங்களுக்கு நிஜ மருந்து ஒரு டப்பா இலவசம்," என்று டாக்டர் நீட்டினார்.

நான் கை நீட்டுவதற்குள் மனைவி அதை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வெளியே வந்ததும் பரிவாகச் சொன்னாள்: "பால் கலந்து கலந்து களைச்சிருப்பீங்க. இனிமே உங்களுக்கு நான் கலந்து தர்றேன்."