சபீனா அக்கா வீட்டு டியூஷன்

"எங்க அம்மா எனக்கு ஒரே ஒரு கணக்குகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை."

மைக்கில் கனிமொழி இப்படி ஆரம்பித்ததும், கலகலவென்று இருந்த ஹால் கப்பென்று அடங்கிப்போனது.

அயனம்பாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஹால் அது. அவளுடைய அம்மா நாகவல்லி டீச்சருக்கு எண்பது வயது நிறைந்ததற்காகக் குடியிருப்போர் சங்கமே முன்னின்று நடத்திய விழா. ஆவடியிலிருந்தும் மேனாம்பேட்டிலிருந்தும் பழைய மாணவிகள் பேரன் பேத்திகளோடு வந்திருந்தார்கள்.

அதுவரை பேசியவர்கள் டீச்சரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்திய பெண்களை வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப அழைத்து வந்தவர். பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டே, ஒருநாளும் வகுப்புக்குத் தாமதமாகப் போகாதவர். ரிடையரான பிறகும் இருபது வருஷமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டுகிறவர்.

எல்லாம் முடிந்து, "டீச்சரோட முதல் மாணவி, அவங்க பொண்ணு கனிமொழி இப்ப பேசுவாங்க" என்று சங்கத் தலைவர் கஜபதி மைக்கை அவள் கையில் திணித்துவிட்டார்.

'முதல் மாணவி' என்ற வார்த்தைதான் அவளைச் சுட்டது.

"நிஜமாத்தாங்க சொல்றேன். ஆவடி ஸ்கூல்ல அத்தனை பிள்ளைங்களுக்கும் கணக்கு எங்க அம்மாதான். நான் மட்டும் வேற ஸ்கூல். சாயங்காலம், நாங்க அப்ப குடியிருந்த குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிர்ல சபீனா அக்கா வீட்டுக்கு டியூஷன் போவேன். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும்."

சிலர் சிரித்தார்கள்.

"பத்தாவது கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள், ஒரு கணக்கு எப்படிப் போட்டாலும் வரலை. அழுதுட்டேன். அம்மா அரிசி களைஞ்சிட்டிருந்தாங்க. நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கலை. 'போய் சபீனா அக்காவைக் கேளு'ன்னு சொல்லிட்டாங்க."

வேடிக்கையாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். நாற்பத்தெட்டு வயதில், இத்தனை பேர் முன்னால், அந்த இடத்தில் வந்து குரல் உடையும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் டீச்சர். எனக்கு அம்மா மட்டும்தான். சரி, அதுவே போதும்னு இருக்கேன்."

மைக்கை வைத்துவிட்டாள்.

"பெத்த தாயைப் பத்தி மேடையில இப்படியா பேசுவாங்க?" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தாள்.

"ஏன், அவங்க பண்ணது மட்டும் சரியா? சொந்தப் பொண்ணுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுக்க முடியாதா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நாகவல்லி டீச்சர் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, தலையில் முக்காடிட்ட ஒரு பெண் எழுந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்களை அடையாளம் காணக் கனிமொழிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சபீனா அக்கா!"

"சபீனா, உட்காரு" என்றார் டீச்சர். வகுப்பில் அதட்டும் அதே குரல்.

"முடியாது டீச்சர். இத்தினி வருஷமா உங்க பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கினு இருந்துட்டேன். இன்னிக்குக் கேக்க மாட்டேன்."

சபீனா மைக் பக்கம் போகவில்லை. நேரே வந்து கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்காரரு லாரி ஆக்சிடென்ட்ல போனப்போ எனக்கு இருபத்தோரு வயசு. கையில குழந்தை. யாரு உதவின்னு வந்தாலும் வாங்க மாட்டேன், அவ்ளோ வீறாப்பு. உங்க அம்மா வந்து, 'எனக்கு நேரமே இல்ல சபீனா, எம் பொண்ணுக்கு நீ கணக்கு சொல்லிக் குடு'ன்னாங்க. கணக்கு டீச்சரே தன் பொண்ணை இங்க அனுப்புறாங்கன்னதும், அடுத்த வாரமே குவார்ட்டர்ஸ் பிள்ளைங்க பன்னெண்டு பேரு வந்துட்டாங்க. அதுலதான் எங்க ஊட்டுல அடுப்பு எரிஞ்சுது. அப்புறம் தபால்ல டிகிரி படிச்சேன், பி.எட். முடிச்சேன். இன்னிக்கு நான் ஒரு ஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்."

கனிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"நல்ல காரியம்தான்க்கா. நான் தப்பு சொல்லலை. ஆனா எனக்குக் கணக்கு வந்தது உங்களாலதானே? அம்மாவால இல்லையே?"

சபீனா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"என்னாலயா? ப்ளஸ் டூ கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவ நான்!"

"சபீனா..." என்றார் டீச்சர் மறுபடியும். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை.

"வெளிய தெரிஞ்சா பிள்ளைங்க உன்னை மதிக்காதுன்னு சொல்லி என் வாயைக் கட்டிட்டாங்க. பரீட்சைக்கு முதல் நாள் நீ கொண்டாந்தியே, அந்தக் கணக்கு எனக்கும் தெரியல. உன்னை உள்ள உட்கார வெச்சிட்டு, உங்க ஊட்டுப் பின்பக்கமா ஓடிப்போய்த்தான் கேட்டுக்கினு வந்தேன். அன்னிக்கு மட்டும் இல்ல கனி. அஞ்சு வருஷமும், விடிகாலையில பால் வாங்குற சாக்குல எங்க ஊட்டுக்கு வந்து, சாயங்காலம் நான் உனக்கு நடத்த வேண்டியதை எனக்கு நடத்திட்டுப் போவாங்க. நீ என்கிட்ட படிச்ச ஒவ்வொரு கணக்கும் உங்க அம்மா உனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்."