பிரிக்காத பெட்டிகள்

எலெக்ட்ரீஷியன் மருந்துப் பெட்டிகளை மேசைமேல் திருப்பி வைத்தான்.

"செத்தவங்க மிச்சம் வெச்சதுதானே மேடம்? எங்களுக்கு வேணாம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருக்கிறது எங்கள் அறை. ஒரு மேசை, ஒரு ஃபிரிட்ஜ், சுவரெல்லாம் அலமாரி. வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் மருந்துகளை வாங்கி, வாங்க வழியில்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம்.

சும்மா அள்ளிக் கொடுத்துவிட மாட்டோம். மருந்தாளுநர் பெண் ஒவ்வொரு அட்டையையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். பிரித்தது, நனைந்தது, தேதி போனது எதுவும் அவளிடம் தப்பாது. டாக்டர் சீட்டில் உள்ள மருந்தும் அளவும் ஒத்துவந்தால்தான் கையில் தருவாள்.

வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். பிரேக், பிரேக் என்று கத்திக் கத்தி எனக்கு வாய் நீண்டுவிட்டது என்பாள் மருந்தாளுநர். நீளட்டும்.

எலெக்ட்ரீஷியனின் மனைவிக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கிறது. கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாமல் அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறாள். அப்படிச் சாப்பிட்டால் மறுபடி வளரும் என்று டாக்டர் கண்டபடி திட்டியிருக்கிறார். கடைசி மாத்திரையும் தீர்ந்துவிட்டது. எல்லாம் அவனே சற்றுமுன் சொன்னதுதான்.

இப்போது பெட்டிகளைத் தொடப் பயப்படுகிறான்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். சிலர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டப் பார்ப்பார்கள், வீட்டில் கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொள்ள. மருந்தாளுநர் கையைப் பிடித்துத் தடுப்பாள்.

இப்போதும் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணாலேயே அடக்கினேன்.

"இங்க செத்தவங்க மருந்தும் வரும் தம்பி, நான் மறைக்க மாட்டேன். ஆனா இதைச் சாப்பிட்டவங்க சாகல. கல்லு மாதிரி இருக்காங்க. காலையில கூட ஸ்கூட்டரை எங்க நிறுத்தறதுன்னு பக்கத்து வீட்டுக்காரரோட ஒரு சண்டை."

அவன் முகம் மாறியது.

"குணமாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். ஆனால் பொய் சொல்லி ஒருவர் கையில் மருந்தைத் திணிக்க எனக்கு மனசு வராது.

"இல்ல. கொஞ்ச நாள் கேட்டுது. அப்புறம் கேக்கல, டாக்டர் நிறுத்திட்டாரு. உங்க சம்சாரத்துக்குக் கேக்குதில்ல? அப்புறம் என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவன்மேல் இல்லை. இந்த நோய்மேல். வீட்டில் இருக்கிற தூக்கம், பசி, சிரிப்பு எல்லாவற்றையும் அதுவாகவே எடுத்துக்கொள்கிறது. போதாதென்று பிரிக்காத மருந்தையும் அலமாரியில் பூட்டிவைத்துத் தேதி போனதும் குப்பையில் கொட்ட வேண்டுமாம். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

பெட்டிகளை அவன் பக்கம் தள்ளினேன். அவன் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மேசை விளிம்புக்கு வந்துவிட்டன. கீழே விழுந்துவிடுமே என்று கையை நீட்டினான்.

நீட்டிய கை பிறகு விடவில்லை. ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினான். ஜிப்பை இழுத்து மூடினான். வாசல் வரைக்கும் போனவன் நின்று திரும்பினான்.

"அவங்கள ஒரு தடவை பாக்க முடியுமா மேடம்? எப்படி இருக்காங்கன்னு வீட்டுல கேப்பா."

மருந்தாளுநர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்துட்டுத்தானே இருக்கீங்க," என்றேன். "இப்படித்தான் இருக்காங்கன்னு சொல்லுங்க. கிளம்புங்க, மருந்து வேளை தப்பப் போகுது."