நாப்பத்திரெண்டு

"எடுத்துக்கங்க, எம் மகளுக்கு நாப்பத்திரெண்டு!"

பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் டொபி மிட்டாய் நீட்டிக்கொண்டிருந்தான் துஷாந்த். பிறந்து இரண்டே நாளான மகள், மனைவி பூரணியின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கேஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்பத்திரண்டு என்பது குழந்தையின் இரத்தத்தில் கிருமி இருப்பதைக் காட்டும் சீ.ஆர்.பி. எண். பத்துக்குள் இருக்க வேண்டியது. குழந்தை முகத்தில் ஒரு வாட்டமில்லை, அழுகையில் ஒரு குறையில்லை. குதிகாலில் எடுத்த துளி இரத்தம்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு சொட்டுக்குள் ஆண்டவன் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறான்!

காலையில் டாக்டர் சிங்களத்தில், "நாற்பத்திரண்டு, கூடிவிட்டது" என்றது பூரணி காதிலும் விழுந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எடை கூடினால் சந்தோஷம்தானே? சிரித்துவிட்டாள்.

"எம் மகனுக்கு ரெண்டுதானாம் மிஸ்ஸி," பக்கத்துக் கட்டில் பிரேமினி கவலையாகக் கேட்டாள். "என்னத்த குடுத்தா ஏறும்?"

கேஷிகா பூரணியின் குழந்தைக்கு மருந்தை ஏற்றினாள்.

"இது என்ன ஊசி மிஸ்ஸி?" என்றாள் பூரணி.

கேஷிகா வாயெடுப்பதற்குள் துஷாந்த் முந்திக்கொண்டான்.

"சத்து ஊசி புள்ள! நீ பாலக் குடு, இன்னும் ஏறும் பாரு."

'கூறு கெட்ட மனுசன். இதுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?' கேஷிகா விருட்டென்று நகர்ந்தாள்.

மூன்று நாள் மருந்து ஏறியது. மறுபடி இரத்தம் எடுத்தார்கள்.

"ஆறு!" கேஷிகா ஓடிவந்து சொன்னாள்.

பூரணியின் முகம் செத்துப்போனது. "ஆறா? எம் பாலு பத்தலையா மிஸ்ஸி?"

"ஐயோ, குறைஞ்சாத்தான் நல்லது! இரத்தத்துல கிருமி இருந்துச்சு. இப்ப போயிருச்சு."

பூரணி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிறகு, "அவருக்கும் தெரியாது, பாவம். நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

துஷாந்த் மாடிப்படியில் குந்தியிருந்தான். சவரம் செய்து நாலைந்து நாளாகியிருக்கும்.

"ஆறு," என்றாள் கேஷிகா.

"குறைஞ்சிருச்சா! மாரியாத்தா!"

முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கேஷிகா திகைத்தாள். "அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் மிஸ்ஸி. அவ சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா. பால அவ குடுக்கட்டும், பயத்த நான் வச்சிக்கிறேன்னு இருந்துட்டேன்."