பூட்டிய மண்டபத்துப் பந்து

“நாலு வருசம் விளையாடின மனுசனை நடுப் பருவத்தில தூக்கி எறிஞ்சினம் எல்லோ? அந்தப் பழி சும்மா விடாது” என்றாள் இமெல்டா.

அலோசியஸ் சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் மாட்டினார்.

ஜேர்மனியில் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றின் விளையாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். கூடைப்பந்து அணியின் உடுப்புகளைத் தோய்ப்பது அவர் மனைவி இமெல்டா.

2006 ஜனவரி. பதினெட்டு அணிகளில் இவர்கள் பத்தாவது. முதல் எட்டுக்குள் வந்தால்தான் பிளே-ஓஃப் என்ற இறுதிச் சுற்று. அந்த நேரம் பார்த்து, அமெரிக்கன் கோர்டனை அணியிலிருந்து நிறுத்தினார்கள். அவன் இடத்துக்கு ஸ்லோவேனியாவிலிருந்து மார்க்கோ வந்தான். வயது இருபத்திரண்டு.

கோர்டனை விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது அலோசியஸ்தான். வழி முழுக்க அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மார்க்கோ வந்து முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. அணி பதின்மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஒருவரும் தடுக்காமல் தனியே எறியும் ஃப்ரீ த்ரோ கிடைத்தால் அவன் கை நடுங்கியது. பந்து வளையத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. பெப்ரவரி முடிவதற்குள் திருந்தாவிட்டால் அவனையும் அனுப்பிவிடுவோம் என்றது நிர்வாகம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

காலை ஆறு மணி. வெளியே மூட்டமாய்ப் பனிப்புகார். அலோசியஸ் வாசல் கதவுக்குச் சாவி போடப் போனார். உள்ளே பந்து தட்டும் சத்தம்.

டொக். டொக். டொக்.

பிறகு அமைதி. பிறகு வலை உரசும் சத்தம்.

அவர் கதவில் காதை வைத்தார். மூன்று தரம் தட்டிவிட்டு, ஒரு கணம் கண்ணை மூடி, பிறகு எறிவது கோர்டனின் வழக்கம். அந்த அணியில் வேறு ஒருவரும் அப்படி எறிவதில்லை.

கதவைத் திறந்தார். இருட்டு. அவசர வாசலின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. ஒருவரும் இல்லை. நடு மண்டபத்தில் ஒரு பந்து தானாக உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

அடுத்த நாளும் அதே சத்தம். அதற்கடுத்த நாளும்.

ஒரு காலை, வாசலுக்கு எதிரே புகாருக்குள் ஓர் உருவம் நின்றது. ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, கோர்டனின் உயரம். முகம் தெரியவில்லை.

“கோர்டன்?” என்று கூப்பிட்டார்.

உருவம் பின்னால் நகர்ந்து புகாருக்குள் கரைந்தது.

“என்ர கையால பிளேன் ஏத்தி விட்டனான், இமெல்டா. இப்ப இங்க அவனை நானே கண்டன்!”

இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். “அங்க போய் செத்துக்கித்துப் போனானோ? நெஞ்செரிவோட போனவன். அவன்ர இடத்தில வந்து குந்தினவனை நிம்மதியாய் இருக்க விடுவானே?”

மாதா கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து மண்டபத்தின் நாலு மூலையிலும் தெளித்தாள். சத்தம் நிற்கவில்லை.

ஆனால் ஆட்டங்கள் மாறின. மார்க்கோவின் கை நடுங்குவது நின்றது. அணி பதின்மூன்றாம் இடத்திலிருந்து பதினொன்று, பத்து, ஒன்பது என்று ஏறியது.

பருவத்தின் கடைசி ஆட்டம். இரண்டு செக்கன் மிச்சம். ஒரு புள்ளி பின்னால். மார்க்கோவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

மூவாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள்.

டொக். டொக். டொக். மார்க்கோ கண்ணை மூடினான். திறந்தான். எறிந்தான்.

இரண்டும் உள்ளே!

மண்டபம் வெடித்தது. அணிக்கு எட்டாம் இடம், பிளே-ஓஃப். எல்லோரும் துள்ள, அலோசியஸ் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றார். அந்தக் கையும் தோளும் மார்க்கோவுடையவை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

“பெடியனுக்குள்ள இறங்கிட்டான்” என்றார் இமெல்டாவிடம். அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாள் காலையும் சத்தம் கேட்டது. இந்தமுறை அவர் முன்கதவைத் தொடவில்லை. பின்பக்கத்தால் வந்து, மூச்சுக் காட்டாமல் விளக்கைப் போட்டார்.

மார்க்கோ வியர்வையில் நனைந்து நின்றான். வளையத்துக்குக் கீழே, பந்தைப் பொறுக்கிக் கையில் வைத்தபடி, கோர்டன்.

மூச்சு வாங்கியது. கீழே நிழலும் விழுந்தது. உயிரோடுதான் இருந்தான்.

“நீ ஊருக்குப் போனனி எல்லோ?” என்று ஜேர்மன் மொழியில் கேட்டார் அலோசியஸ்.

“போனனான். இவன் தோக்கத் தோக்க எனக்கு அங்க நித்திரை வரேல்லை. திரும்பி வந்திட்டன்.”

“அணி தந்த சாவியால நான்தான் பின்கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வாறனான்” என்றான் மார்க்கோ. “உங்கட சாவிச் சத்தம் கேட்டால் அதாலயே ஓடிடுவம்.”

“ஏன் இப்பிடி இருட்டில? ஏன் ஒளிச்சு?”

“போன ஆளிட்டப் பழகித்தான் விளையாடுறான் எண்டு தெரிஞ்சால் இவனைப் பாத்துச் சிரிப்பினம்” என்றான் கோர்டன். “வெளிச்சம் இல்லாமல் எறியப் பழகினால் சனத்தைக் கண்டும் பயம் வராது.”

அலோசியஸுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“மன்னிச்சுக்கொள், கோர்டன். உன்னைத் தூக்கி எறிஞ்ச நேரம் நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.”

கோர்டன் குனிந்து, வீங்கியிருந்த வலது முழங்காலின் பட்டியை இறுக்கினான்.

“என்னை ஒருத்தரும் எறியேல்லை, அலோசியஸ். இந்தக் காலோட இனி ஏலாது, நான் நிண்டால் பிளே-ஓஃப் இல்லை, இவனைக் கூப்பிடுங்கோ எண்டு பயிற்சியாளரிட்டப் போய்ச் சொன்னதே நான்தான்.”